பம்பர் கிளிப் பிறந்த கதை

உங்கள் காரின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லும் பம்பரும் வந்து சேரும் விளிம்பில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாகச் சில கறுப்புப் பொத்தான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சக்கரத்துக்கு மேல் வளைந்து நிற்கும் ஃபென்டர் லைனிங்கிலும், என்ஜினுக்கு அடியில் கிடக்கும் அண்டர் கவரிலும் அவைதான். கதவின் உட்பக்கப் பேடைக் கழற்றினால் அதன் முதுகில் அதே குடும்பத்தின் வேறு பிள்ளைகள் இருக்கும். பெங்களூர் ஜே.சி. ரோடு கடைகளில் கிளிப் என்று கேட்டாலும் கொடுப்பார்கள், லாக் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கார் கம்பெனிகளின் பணிமனைப் புத்தகங்களில் அது பிளாஸ்டிக் ரிவெட்.

வாகனத்தைப் பற்றிப் பேசும்போது என்ஜினையும் கியரையும் பேசுகிறோம். இந்தப் பொத்தானைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உடைந்தால்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இதற்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது, அதில் பெங்களூருக்கும் இடம் இருக்கிறது.

ரிவெட் பழைய பொருள். இரண்டு தகடுகளைத் துளையிட்டு, ஆணியை நுழைத்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை அடித்துத் தட்டையாக்கினால் தகடுகள் பிரியாது. கப்பல், பாயிலர், ரயில் பாலம் எல்லாம் இப்படித்தான் எழுந்தன. அதற்கு எப்போதும் இரண்டு ஆட்கள் தேவை. ஒருவர் அடிக்க வேண்டும், இன்னொருவர் மறுபக்கம் கனமான இரும்பை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். மறுபக்கத்துக்குக் கை எட்டாவிட்டால் வேலை நடக்காது. ரிவெட்டின் வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கலோடு நடந்த மல்லுக்கட்டு என்றே நான் படிக்கிறேன்.

பெங்களூர் அந்த வேலையை விமானத்தில் கற்றது. 1940 ஆகஸ்டில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். அடுத்த மாதம் ஜெயச்சாமராஜேந்திர உடையார் மைசூர் அரியணை ஏறினார். அந்த டிசம்பரிலேயே தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (எச்.ஏ.எல்.) நிறுவனத்தைத் தொடங்கினார். திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆதரவு இருந்தது, மைசூர் அரசு நிலமும் தந்து மூலதனத்திலும் சேர்ந்தது. 1941இல் ஹார்லோ பயிற்சி விமானம் இங்கிருந்து பறந்தது. பின்னால் முழுக்க இங்கேயே வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டிலும், மாருத் போர் விமானம் 1961 ஜூனிலும் பறந்தன.

அலுமினியத் தகட்டை விமான உடலின் சட்டத்தோடு சேர்ப்பவை ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். வெளியே ஒருவர் காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே ஒடுங்கிய இடத்தில் இன்னொருவர் முட்டுக்கொடுத்துக் குந்தியிருப்பார். சில அலுமினியக் கலவை ரிவெட்டுகளைச் சூடாக்கிப் பதப்படுத்திக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்த கொஞ்ச நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். தாமதித்தால் உலோகம் இறுகித் தலை சரியாக மடங்காது. வெடித்த தலையோடு ஒரு ரிவெட் நின்றாலும் பரிசோதகர் அதைத் துளைத்தெடுக்கச் சொல்லிவிடுவார். எச்.ஏ.எல். தொழிலாளிகளில் ஒரு தலைமுறை முழுக்க இந்தக் கண்டிப்பில் வளர்ந்தது.

விமானத்திலேயே கை எட்டாத இடங்கள் உண்டு. குழாய்ச் சட்டத்துக்குள் யார் போய் முட்டுக்கொடுப்பது? இங்கிலாந்தில் ஹாமில்டன் நீல் வைலி என்பவர் குழாய் ரிவெட்டை மூடும் வழி ஒன்றுக்கு 1916இலேயே காப்புரிமை கேட்டிருந்தார். பிறகு 1922இல் ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் விமானக் கம்பெனியில் சேர்ந்து யோசனையை மெருகேற்றினார். 1927ஆம் ஆண்டுக் காப்புரிமையில் விஷயம் முழுமையானது. ரிவெட் உள்ளீடற்ற குழாய், அதன் நடுவே ஒரு கம்பி. முன்பக்கமிருந்தே கம்பியை இழுத்தால், அதன் குண்டுத்தலை குழாயின் மறுமுனையை விரித்துவிடும். பின்பக்கம் ஆளே வேண்டாம். அதைச் செய்துகொடுத்தது பர்மிங்ஹாமின் ஜார்ஜ் டக்கர் ஐலெட் கம்பெனி, அதாவது துளைகளுக்கு வளையம் செய்யும் கம்பெனி. ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த்தின் சிஸ்கின் விமானத்துக்காகச் செய்யத் தொடங்கியது பின்னால் பாப் ரிவெட் என்ற வணிகப் பெயரில் உலகெங்கும் பரவியது. இன்று அலுமினிய ஜன்னல் போடுபவர் கையில் இருக்கும் ரிவெட் கன் அந்த வம்சம்தான்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அதே காலத்தில் இன்னொரு கிளை. டின்னர்மேன் குடும்பம் எனாமல் பூசிய அடுப்பு செய்துகொண்டிருந்தது. திருகாணியை இறுக்கினால் எனாமல் விரிசல் விட்டது. 1920களில் அவர்கள் கண்டுபிடித்தது வளையும் ஸ்பிரிங் எஃகுத் தகட்டில் வெட்டிய நட்டு. இறுக்கும்போது அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அதனால் எனாமல் பிழைத்தது. விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடிப்பது என்ற குணம் ஃபாஸ்டனர் உலகத்துக்குள் இப்படி வந்தது. நம் பொத்தானுக்கு வைலி தந்தை என்றால், இந்த அடுப்பு நட்டைத் தாய்மாமன் என்று சொல்லலாம். கார்களும் விமானங்களும் அந்த நட்டைச் சீக்கிரமே எடுத்துக்கொண்டன.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கழற்றுவது எப்படி? பாப் ரிவெட்டை எடுக்க வேண்டுமானால் டிரில்லால் தலையைத் துளைத்துக் கொல்ல வேண்டும். எஃகு ஸ்பிரிங் கிளிப் கழன்று வரும், ஆனால் துருப்பிடிக்கும், பெயின்ட்டைக் கீறும், நாளானால் கடகடக்கும். அம்பாசடரிலும் பத்மினியிலும் பயணித்தவர்களுக்குக் கதவுப் பேடின் அந்தக் கடகடப்பு ஞாபகம் இருக்கும்.

விடை வேதியியலிலிருந்து வந்தது. டூபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் குழு 1935 பிப்ரவரி 28 அன்று நைலானை உருவாக்கியது. கரோதர்ஸ் 1937இல் இறந்துபோனார், தன் பொருளின் வெற்றியை அவர் பார்க்கவில்லை. 1938இல் பல் துலக்கும் பிரஷ்ஷின் மயிராகவும், 1940இல் பெண்களின் காலுறையாகவும் வந்த நைலான், போரின்போது பாராசூட் துணியானது. போர் முடிந்தபின்தான் அதன் இன்னொரு குணத்தைப் பொறியாளர்கள் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அது ஸ்பிரிங்போல வளைந்து திரும்பும், துருப்பிடிக்காது, பெயின்ட்டைக் கீறாது, உருக்கி அச்சில் செலுத்தினால் எவ்வளவு நுணுக்கமான வடிவமும் ஒரே அடியில் வெளியே வரும். சிகாகோவில் 1912இல் தொடங்கிய இல்லினாய்ஸ் டூல் வொர்க்ஸ் போன்ற கம்பெனிகள் பிளாஸ்டிக் ஃபாஸ்டனருக்குள் இறங்கின. ஜப்பானில் 1967இல் நிஃப்கோ பிறந்தது. பிளாஸ்டிக் கிளிப்பும் பக்கிளும் செய்த அந்தக் கம்பெனியை நடத்திய தொஷியாகி ஒகசவாரா பிறகு ‘ஜப்பான் டைம்ஸ்’ நாளிதழின் தலைவராகவும் ஆனார், 2017 வரை அந்தப் பத்திரிகை நிஃப்கோவின் கையில் இருந்தது. கிளிப் சின்னப் பொருள், ஆனால் அதன் வியாபாரம் சின்னது இல்லை.

ஒரு கிளிப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் வைலியின் கம்பி தெரியும். இரண்டே பாகம். வெளியே தொப்பி வைத்த காலர், அதன் கீழே பிளந்து நிற்கும் கால்கள். நடுவே ஒரு பின். பின் மேலே நிற்கும்போது கால்கள் ஒடுங்கியிருக்கும், அப்படியே துளைக்குள் இறங்கும். பின்னைக் கட்டைவிரலால் அழுத்தினால் அது கால்களுக்கு நடுவே புகுந்து அவற்றை அகற்றி நிறுத்தும். மடக்கிய குடையை ஜன்னல் கம்பி வழியே நுழைத்து உள்ளே விரித்தால் எப்படித் திரும்ப வராதோ, அப்படி. பின்னின் பக்கவாட்டில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். காலின் உட்புறத்து மேடு அதில் உட்காரும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் உறுதிச்சீட்டு. பின்னைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் கால்கள் மறுபடி ஒடுங்கிவிடும். பிடிப்பதும் விடுவிப்பதும் முன்பக்கமிருந்தே முடிகிறது. பாப் ரிவெட்டால் முடியாததைப் பிளாஸ்டிக் இப்படிச் சாதித்தது.

கார் மாறியதும் இந்தப் பொத்தானுக்குத் தேவை பெருகியது. குரோம் பூசிய எஃகு பம்பருக்கு போல்ட்டு போதும். 1972இல் வந்த ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு பெருமளவில் விற்ற முதல் கார்களில் ஒன்று. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் பம்பருக்கு ஒரு சுபாவம் உண்டு, வெயிலில் நன்றாக விரியும். ஒன்றரை மீட்டர் அகலப் பம்பர், விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையே 40 டிகிரி சூடேறினால் நாலைந்து மி.மீ. நீளும். அதே நீள எஃகு நீள்வது முக்கால் மி.மீ. அளவுதான். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் நீள இடமில்லாமல் பம்பர் உப்பும், அல்லது காது கிழியும். அதனால்தான் பம்பரின் துளைகள் பலவும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கின்றன. கிளிப் தொப்பியின் அடியில் பம்பர் வழுக்கி நகரும், ஆனால் கழன்று விழாது.

இன்னொரு காரணம் தொழிற்சாலையின் வேகம். கன்வேயரில் கார் நகர்ந்துகொண்டே இருக்கும்போது திருகாணியை எடுத்து, துளையில் நேராக வைத்து, கருவியால் முடுக்க நேரம் பிடிக்கும். கிளிப்புக்குக் கட்டைவிரல் போதும்.

பெங்களூருக்குக் கார் செய்யும் வேலை தாமதமாகத்தான் வந்தது. இங்கே மோட்டார் தொழிற்சாலை வேண்டும் என்று பொறியாளர் விசுவேசுவரய்யா 1930களிலேயே பாடுபட்டார். வால்சந்தும் அவரோடு நின்றார். பிரிட்டிஷ் அரசு கைகொடுக்கவில்லை. கடைசியில் வால்சந்தின் கார் தொழிற்சாலை 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்று பம்பாயில் தொடங்கியது, பெங்களூருக்கு விமானம் வாய்த்தது. 1999 டிசம்பரில் பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் உற்பத்தியைத் தொடங்கி, 2000இல் குவாலிஸ் சாலைக்கு வந்தபோதுதான் விசுவேசுவரய்யாவின் ஆசை வேறொரு உருவில் நிறைவேறியது என்று நினைக்கிறேன். கால் சென்டர் ஊழியர்களை இரவெல்லாம் சுமந்த வண்டி அது. 2001இல் பொம்மசந்திராவிலிருந்து சேத்தன் மைனியின் ரேவா மின்சாரக் கார் வந்தது. எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் நிறம் கலந்தே வார்த்த ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் தகடுகளைப் போர்த்திய கார். தகடு பிளாஸ்டிக்கானால் அதைப் பிடிப்பதும் இளகிக் கொடுக்க வேண்டும் என்ற பாடத்தைப் பெங்களூர்க் கைகள் படித்தது இந்த வண்டிகளில்தான்.

1940இல் பட்டத்துக்கு வந்த அந்த மன்னரின் பெயரைத்தான் ஜே.சி. ரோடு தாங்கி நிற்கிறது. டவுன்ஹால் பக்கமிருந்து ரவீந்திர கலாக்ஷேத்ராவைத் தாண்டி மினர்வா சர்க்கிள் வரை நடந்தால் இருபுறமும் உதிரிபாகக் கடைகள். கன்னடம், தமிழ், உருது மூன்றும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். கிளிப் கேட்டால் கடைக்காரர் காரின் பெயரை மட்டும் கேட்பதில்லை. ‘சாம்பிள் கொண்டுவந்திருக்கீங்களாண்ணா?’ என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே காரின் பம்பருக்கும் லைனிங்குக்கும் கதவுக்கும் வேறுவேறு கிளிப். தலையின் அகலத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். பார்க்க வேண்டியது துளையின் விட்டம். பெரும்பாலும் 6 முதல் 10 மி.மீ.க்குள் இருக்கும். அடுத்தது காலின் நீளம், அதாவது அது சேர்த்துப் பிடிக்க வேண்டிய தகடுகளின் மொத்தத் தடிமன். துளை 8 மி.மீ. என்றால் 7 மி.மீ. கிளிப் போட்ட அன்று நிற்கும், முதல் ஹம்ப்பில் விழும்.

கழற்றும் வித்தையை நல்ல மெக்கானிக்கிடம் பார்க்க வேண்டும். கை வைப்பதற்கு முன் அவர் நடுப்பின்னைப் பார்ப்பார். விளிம்பில் நகம் நுழையும் வெட்டு இருந்தால், அது தூக்கும் ரகம். தட்டைத் திருப்புளி அல்லது கவட்டை நாக்குள்ள பிளாஸ்டிக் நெம்புகோலால் பின்னை மட்டும் மேலே கிளப்ப வேண்டும். காலரைச் சேர்த்து நெம்பினால் கால் முறியும். பின்னின் தலை காலரோடு சமமாக, நடுவில் லேசாகக் குழிந்து இருந்தால் அது அமுக்கும் ரகம். கூர்மழுங்கிய ஆணியால் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் உள்ளே தள்ள வேண்டும். டிக் என்றதும் நிறுத்த வேண்டும், மேலே அமுக்கினால் பின் சட்டத்துக்குள் விழுந்து அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். திரும்பப் போடும்போது பின்னை அடியிலிருந்து தள்ளி மேலே எழுப்பி வைத்து, காலரைத் துளையில் உட்கார்த்தி, பிறகுதான் அமுக்க வேண்டும். இதை மறந்து விரிந்த காலோடு சுத்தியால் தட்டுபவர்கள் ஏராளம்.

பிளஸ் தலையுள்ள ரகம் அரைத் திருகு திருகினால் எழும்பும். லைனிங்கில் சேறு அடைத்திருந்தால் பின்னும் காலரும் சேர்ந்து சுற்றும், எழும்பாது. தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்துவிட்டு, காலரின் அடியில் நெம்புகோலை முட்டுக்கொடுத்துத் திருக வேண்டும். கதவுப் பேடின் கிளிப்பில் நடுப்பின்னே கிடையாது. ஈச்ச மரம்போல் அடுக்கடுக்காகச் செதில் வைத்த ஒற்றைத் தண்டு, அல்லது நடுவே அகன்ற படகு வடிவம். கிளிப்புக்குப் பக்கத்திலேயே நாக்கை நுழைத்து நேராக இழுத்தால் வரும். ஓரத்தைப் பிடித்துச் சாய்த்து இழுத்தால் பேடின் அட்டை பிய்ந்துவிடும். முழு பிளாஸ்டிக்கில் பாப் ரிவெட்டும் உண்டு, அதற்கு மட்டும் டிரில்தான்.

பொருளின் சுபாவமும் தெரிந்திருக்க வேண்டும். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் இருக்கும்வரை வளையும், காய்ந்தால் முறியும். என்ஜின் பக்கத்தில் வருடக்கணக்கில் வெந்த கிளிப்பை டிசம்பர் மாத விடிகாலையில் நெம்பினால் சுக்குநூறாகும். அதே வேலையை வண்டி சற்று வெயிலில் நின்றபிறகு செய்தால் பிழைக்க வாய்ப்புண்டு. புதுக் கிளிப் விறைப்பாக இருந்தால் சிலர் வெந்நீரில் போட்டு எடுத்துப் பொருத்துகிறார்கள். அதில் விஷயம் இருக்கிறது.

இவ்வளவு யோசனையும் உழைப்பும் கொட்டிச் செய்த பொருளை நாம் நடத்தும் விதம்தான் எனக்கு வருத்தம். ஒரு சர்வீஸ் முடிந்து வந்த என் வண்டியின் அண்டர் கவர் ஓசூர் ரோட்டில் தரையில் உரசிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தால் கிளிப் இருக்க வேண்டிய இடங்களில் பாதி காலி, மீதியில் திருகாணி. பெங்களூர்ச் சாலையின் ஹம்ப்பும் குழியும் மழைத்தண்ணீரும் அந்தக் கவரை அன்றாடம் பிடித்து இழுக்கின்றன. அங்கே தானாக மரை வெட்டிக்கொண்டு இறங்கும் திருகாணியை முடுக்கினால் துளையோரப் பெயின்ட் உரியும், எஃகு வெளியே தெரியும், அங்கிருந்து துரு தொடங்கும். துளை பெரிதாகிவிடுவதால் நாளைக்குச் சரியான கிளிப் கிடைத்தாலும் நிற்காது. பம்பர் விரிய இடமில்லாமல் காது கிழியும். சில ரூபாய்க் கிளிப்பை மிச்சம் பிடித்துப் பம்பருக்கே விலை கொடுக்கிறோம்.

அதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. முன் கண்ணாடியின் இருபக்கத் தூண்களில் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால், பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், அந்தப் பையின் ஒரு பகுதி மடித்து வைக்கப்பட்டிருக்கும். பை விரியும்போது உறை விலகி வழிவிட வேண்டும், ஆனால் பறந்து வந்து ஆளின் முகத்தில் அடிக்கக் கூடாது. அதற்கென்றே பட்டை இணைத்த தனிக் கிளிப் இருக்கிறது. பல கம்பெனிகள் அதை ஒருமுறை கழற்றினால் புதிது போடச் சொல்கின்றன. ஸ்பீக்கரோ கேமராவோ மாட்ட அந்த உறையைக் கழற்றுபவர் பழைய கிளிப்பையே தட்டி உட்கார்த்துவதையும், பசை தடவுவதையும், திருகாணி போடுவதையும் அனுமதிக்காதீர்கள்.

பம்பரோ கதவுப் பேடோ கழற்றும் வேலை எதற்கு வண்டியை விட்டாலும் உடைந்த கிளிப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை கழற்றினார்களோ அத்தனை திரும்பப் போட்டார்களா என்று பானெட்டைத் தூக்கி எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும், துளையின் அளவுக்குச் சரியான புதியதைப் போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.